அம்மாவுக்கு அது வாவியில்லை, குளம்

கண்டிக்குப் போய் வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. வீட்டில் ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அங்கே ஊர் நடுவில் கிடப்பது வாவியா, குளமா?

பாடப்புத்தகத்தில் கண்டி வாவி. செய்தியிலும் அதே. அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "ஒரு பக்கத்தால ஆத்துத் தண்ணி வரணும், மத்தப் பக்கத்தால கடல் வாய் திறக்கணும். உப்பும் நல்ல தண்ணியும் கலக்கணும். அதுதான் வாவி. இது நாலு பக்கமும் கட்டி வெச்ச குளம், மனே."

செட்டிபாளையத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். ஒரு கையெட்டில் கடல், மறு கையெட்டில் வாவி. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்ட பரம்பரை. இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் வேறொரு தண்ணீர்க் கரையில் நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டது என் பிழைதான்.

வரலாறும் அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது. இப்போது தண்ணீர் நிற்கும் இடம் முன்பு வயல். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அணை கட்டி அதைத் தண்ணீராக்கினான். சிங்களத்தில் இதற்கு 'கிரி முஹுத' என்றொரு பெயர் உண்டு. பாற்கடல் என்று அர்த்தம். வாவிக்கும் குளத்துக்கும் நாங்கள் இங்கே அடிபட, அரசன் கடல் என்றே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

பங்குனியில் ஒரு நீண்ட விடுமுறை வந்தது. அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். பக்கத்து வீட்டுத் தம்பியின் வான். அப்பா வரவில்லை. வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார். மலையேற்றத்தில் தலை சுற்றும் என்பதுதான் உண்மைக் காரணம். விடிய நாலரைக்குப் புறப்பட்டோம். பின் சீற்றில் சோற்றுப் பார்சல், பொரித்த மீன், தண்ணீர்ப் போத்தல்கள், அம்மாவின் மடியில் எவரும் தொடக்கூடாத ஒரு பை.

கண்டிக்குப் பொலன்னறுவை, தம்புள்ளை சுற்றியும் போகலாம். நாங்கள் செங்கலடியில் திரும்பி, கறுத்தப்பாலம் தாண்டி, கரடியனாறு, புல்லுமலை, மஹா ஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை என்று நேரே மேற்கே போனோம். இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். எனக்கு இந்தப் பாதையில் ஒரு பைத்தியம் உண்டு. ஏனென்றால் கண்டிக்குக் கடல் வாசலாக எங்களூர் இருந்த காலத்தில் ஆட்கள் நடந்த திசை இது. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில்தான் இறங்கி, அங்கிருந்து மலைக்குப் போய் முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். 1638 இல் மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்துதான்.

இவர்களை விட எனக்குப் பிடித்தவன் கப்டன் ஜோன்ஸ்டன். 1804 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பல பக்கமிருந்து ஒரே நேரத்தில் தாக்கத் திட்டம் போட்டார்கள். இவன் ஏறத்தாழ முந்நூறு பேரோடு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டான். காடு, ஆறு, மலை எல்லாம் தாண்டிக் கண்டிக்குள் போய்ப் பார்த்தால், வேறு ஒரு படையையும் காணவில்லை. திட்டம் மாறியிருக்கிறது, இவனுக்குத்தான் விளங்கவில்லை. கலியாணம் ஒத்திவைத்தது தெரியாமல் மொய்யோடு போய் நின்றவன் மாதிரி நின்றுவிட்டு, அடிபட்டுக்கொண்டே திருகோணமலைக்கு இறங்கினான். அப்போது ஆட்சியில் இருந்தவன் இதே கடைசி மன்னன். குளம் இன்னும் வெட்டப்படவில்லை. பாவம், ஜோன்ஸ்டன் பார்க்க அங்கே அதுகூட இருந்திருக்காது.

இதையெல்லாம் நான் வானுக்குள் விளக்கிக்கொண்டு வர, மருமகன் மட்டும் "மறுகா என்ன நடந்த, மாமா?" என்று கேட்டான். மற்றவர்கள் நித்திரை.

மஹியங்கனை தாண்டி ஹசலக்கவுக்கு அப்பால் பதினெட்டு வளைவுப் பாதை தொடங்குகிறது. அதுவரை எங்களூர் மாதிரித் தட்டை நிலம். பிறகு வான் மூக்கை உயர்த்திக்கொண்டு ஏறும். ஒவ்வொரு வளைவிலும் முன்பு வலப்பக்கம் தெரிந்த வயல்வெளி இடப்பக்கம் வரும், கொஞ்சம் சின்னதாகி. பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள். மருமகனுக்குப் பதினேழு, மருமகளுக்குப் பத்தொன்பது. தம்பி, "பதினெட்டுத்தான், நடுவில வெச்சுக்கொள்ளுங்க" என்று தீர்ப்பு வழங்கினான். அக்கா மட்டும் எண்ணவில்லை. அவள் ஒரு பொலித்தீன் பையோடு வேறு வேலையாக இருந்தாள்.

மேலே ஏறி ஹுன்னஸ்கிரியப் பக்கம் போகும்போது மெதமஹநுவர என்று ஒரு பெயர்ப்பலகை வரும். பலர் கவனிக்க மாட்டார்கள். 1815 பெப்ரவரி 18 இல் அந்தக் கடைசி மன்னன் பிடிபட்டது இந்தப் பகுதியில்தான். கண்டியை விட்டு ஓடி, ஆராய்ச்சி எனப்படும் ஊர்த் தலைவன் ஒருவனின் வீட்டில் மனைவிமாரோடு ஒளிந்திருந்தவனைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தவர்கள் ஆங்கிலேயர்கூட இல்லை, அவனுடைய நாட்டு ஆட்களே. அடுத்த மாதம், மார்ச் 2 ஆம் தேதி, கண்டி ஒப்பந்தம். 1816 இல் அவனைக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832 இல் அங்கேயே செத்துப்போனான்.

அவன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. இயற்பெயர் கண்ணுசாமி. "கண்டியின் கடைசி ராசா தமிழன்" என்று எங்கள் ஆட்கள் மார்தட்டுவது உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை. 'அதிகாரம்' எனப்படும் முதலமைச்சனாக இருந்த எஹெலபொல தனக்கு எதிராகத் திரும்பினான் என்பதற்காக 1814 இல் அவன் பிள்ளைகளின் தலையை வெட்டவைத்தவனும் இவன்தான். மூத்தவன் பயந்து தாயைக் கட்டிப்பிடிக்க, இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்று சொல்வார்கள். மருமகன் இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். அவன் சொல்லி முடித்ததும் அம்மா, "அந்தத் தாய் என்ன ஆனா?" என்று கேட்டார். குளத்தில் அமுக்கினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வேறு குளம், போகம்பரைப் பக்கம் இருந்தது, இப்போது இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

தெல்தெனியவில் மகாவலியை மறித்து நிற்கும் விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே பளபளத்தது. பழைய தெல்தெனிய நகரம் அதற்குள் மூழ்கிக் கிடக்கிறது. பதினொன்றரைக்குக் கண்டி.

தங்குமிடத்தைப் பற்றி ஒரே வரியில் முடிக்கிறேன், இல்லாவிட்டால் கோபம் வரும்: 'வாவிக் காட்சி அறை' என்று இணையத்தில் காசு கட்டி எடுத்தது, காட்சி குளியலறைச் சாளரத்தில் மட்டும் இருந்தது, அதுவும் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால்.

பின்னேரம் கரையைச் சுற்றி நடந்தோம். முழுச் சுற்றும் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒரு எச்சரிக்கை: மரத்துக்குக் கீழே நிற்காதீர்கள். கரையோர மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் கும்பலாக அடையும். கீழே நடைபாதை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அத்தானின் புதுச் சேட்டு முதல் கால் மணித்தியாலத்திலேயே பலி. இந்த இடத்தில் மட்டும் எவரும் குடையை மழைக்காகப் பிடிப்பதில்லை.

தண்ணீர் பச்சை. அசையாது. நடுவில் ஒரு சின்னத் தீவு. அரசனின் பெண்கள் குளிக்கும் இடமாக இருந்தது, ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து வைத்தார்கள் என்கிறார்கள். புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகைப் பக்கக் கரையில் அலை அலையாக உச்சி வளைந்த ஒரு வெள்ளைச் சுவர் போகிறது. மேகச் சுவர் என்று பெயர். அதில் வரிசையாக முக்கோணக் குழிகள், திருநாளில் விளக்கேற்றி வைக்க. மருமகள் தன் கையை ஒவ்வொரு குழிக்குள்ளும் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள், விரலில் கரி ஒட்டுமா என்று. ஒட்டவில்லை. ஒரு மிட்டாய்த் தாள் மட்டும் கிடைத்தது. சுவர் குளத்தை முழுக்கச் சுற்றவில்லை; அரைகுறையாக நின்றுவிடும். கட்டி முடிக்க அரசன் இருக்கவில்லை.

அழகுதான். பொய் சொல்லக் கூடாது. மாலை வெயில் மலையில் இருந்து வழிந்து, தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்போது, எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மாவும்தான். பிறகு, "மீன் பிடிக்க விடமாட்டாங்களோ?" என்றார். விடமாட்டார்கள் என்றேன். "மறுகா என்னத்துக்கு இவ்வளவு தண்ணி!"

அம்மா கண்டிக்கு வந்தது குளம் பார்க்க இல்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

ஆடி, ஆவணிக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் கண்டிப் பெரஹராவைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள். மாளிகை யானை, சாட்டையடிக்காரர், தீப்பந்தம் எல்லாம் போகும்வரை அம்மா ஒரு கண்ணால்தான் பார்ப்பார், மற்றக் கண் அடுப்பில். முதலில் தலதா மாளிகை, பிறகு நாத, விஷ்ணு, கதிர்காமம் என்று தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். கடைசியாகப் பத்தினி தேவாலயம். பெண்கள் ஆடிக்கொண்டு வருவது அதில். அப்போது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் நேராக உட்காருவார். "நம்மட அம்மாள் வாறா."

பத்தினி என்றால் கண்ணகி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரை முழுக்கக் கண்ணகை அம்மன் கோயில்கள்: செட்டிபாளையம், மகிளூர், காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில். வருடத்தில் ஒருமுறை வைகாசியில் கதவு திறக்கும். கல்யாணக்கால் நடுவார்கள், இரவிரவாக அவள் கதையைச் சொல்லும் வழக்குரைப் பாட்டைப் படிப்பார்கள், கடைசியில் குளிர்த்தி ஆடி மதுரையை எரித்தவளின் கோபத்தைத் தணித்து, கதவைச் சாத்துவார்கள். மறு வைகாசி வரைக்கும் சாத்தியதுதான். எங்கள் பாட்டில் அவள் மாங்கனியில் பிறந்தவள். சிங்களக் கதையிலும் அவள் மாங்கனியில் பிறந்தவள்தான். நாங்கள் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கோவலன் கட்சியாகவும் கண்ணகி கட்சியாகவும் கொம்பு முறிப்போம். சிங்கள ஊர்களில் அதே மாதிரி இரண்டு கட்சி பிரிந்து கொம்பு மாட்டி இழுத்து முறிக்கிறார்கள், 'அங்கெலிய' என்று. மண்டூர் முருகனுக்குப் பூசை செய்பவர் கப்புகனார். பத்தினிக்குப் பூசை செய்பவர் கபுராளை. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் போய் நின்றான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மரபும் பத்தினியைக் கொண்டு வந்தவன் அந்தக் கஜபாகுதான் என்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

மறுநாள் காலமை ஒன்பது மணிக்கு மாளிகை வளவுக்குப் போனோம். ஒன்பதரைப் பூசைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. வாசலில் சோதனை. 1998 ஜனவரியில் குண்டு நிரப்பிய லொறி வெடித்து முகப்புச் சிதைந்த இடம் இது. இப்போது பார்த்தால் தெரியாது. ஆனால் சோதனை அன்றிலிருந்து இருக்கிறது. பெண்கள் வரிசையில் அம்மா எனக்கு முன்னால் தெரிந்தார். முறை வர, கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது.

எனக்கு விளங்கியது. 2003 இல், எனக்குப் பதினாறு வயதில், அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க நாங்கள் கண்டிக்கு வந்திருக்கிறோம். சமாதானப் பேச்சுக் காலம்தான். எவரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் மன்னம்பிட்டி தாண்டியதும் அம்மா நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டைக் கழற்றி, கைப்பையின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவைத்தார். இரண்டு நாளும் அங்கேதான் இருந்தது. திரும்பி வரும்போது வாழைச்சேனையில் பஸ் தேத்தண்ணிக்கு நிற்க, பையைத் திறந்து எடுத்து மறுபடி ஒட்டினார். பசை போயிருந்தது, விழுந்து விழுந்து வந்தது. அந்தமுறை பத்தினி கோயிலுக்குப் போகவில்லை. போகலாமா என்று கேட்கக்கூட அம்மாவுக்குத் தோன்றவில்லை.

இந்தமுறை கை நெற்றி வரைக்கும் போய், பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே இறங்கியது. சோதனை செய்த பெண் சிரித்துவிட்டுப் பையைத் திறக்கச் சொன்னாள். எவரும் தொடக்கூடாத பைக்குள் ஒரு மாம்பழத் தட்டு, மடித்த மஞ்சள் துணி, கற்பூரம், சோப்புப் பெட்டியில் மஞ்சள்தூள். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டி "பத்தினி தேவாலய?" என்றாள். அம்மா "ஓம், ஓம்" என்றார்.

மாளிகைக்குள்ளும் போனோம். தவில் மாதிரி அல்லாத கண்டித் தவுல், யானைத் தந்தங்கள், வரிசை, கதவு திறந்திருக்கும் சில நொடிக்குள் பேழை ஒரு மின்னலாக. நீலோற்பலம் வாங்கி வைத்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நெரிசலைத் தவிர.

பத்தினி தேவாலயம் அங்கிருந்து எட்டித் தொடும் தூரம். ஆனால் வெளிநாட்டுக் கூட்டம் அந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. சின்னக் கட்டடம், ஓட்டுக் கூரை, மணல். எங்களூர்க் கோயிலுக்கு வந்த மாதிரியே இருந்தது, குளிரைத் தவிர. கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்றாள். பழத்தட்டோடு ஒரு கிழவர். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களைக் காத்திருக்காமல் நேரே போய் வரிசையில் சேர்ந்தார்.

கபுராளை நடு வயதுக்காரர். தட்டை வாங்கி, மாம்பழத்தைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, பெயர்களைக் கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. பெயர்தான் கேட்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ, அப்பாவில் தொடங்கி மருமகள் வரைக்கும், பக்கத்து வீட்டுத் தம்பியையும் சேர்த்து ஒப்புவித்தார். கபுராளை கண்ணை மூடி நீட்டி முழக்கி ஓதினார். இடையிடையே எங்கள் பெயர்கள் கொஞ்சம் உருமாறி வந்தன. 'பத்தினி தெய்யோ' என்பது வந்தபோதெல்லாம் அம்மா கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார். இந்தத் தேவாலயத்தின் புனிதப் பொருள் பொற்சிலம்பு. சிங்களத்தில் 'சலம்ப'. அந்தச் சொல்லும் ஓதலுக்குள் ஒருதரம் வந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார், கேட்டாயா என்பது போல.

முடிவில் அவர் சந்தனக் குழம்பில் விரலைத் தோய்த்து அம்மாவின் நெற்றியில் பொட்டு வைத்தார். ஏற்கனவே இருந்த ஒட்டுப் பொட்டுக்குக் கொஞ்சம் மேலே. பிறகு எல்லாருக்கும். அக்கா படம் எடுக்கப் போனாள், அம்மா கையால் மறித்துவிட்டார்.

பின்னேரம் பேராதனைப் பூங்கா. 147 ஏக்கர், ஆயிரம் மரம், வௌவால், காதலர்கள். நல்ல இடம், நடக்க நடக்கத் தீராது, எங்களுக்குக் கால் தீர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பூங்காவை மகாவலி ஒரு வளையல் மாதிரி சுற்றிக்கொண்டு ஓடுகிறது. தொங்குபாலத்துக்குக் கிட்ட நின்று, இந்த ஆற்றின் ஒரு கிளைதான் வெருகலில் கடலில் விழுகிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். வெருகல் முருகனுக்கு நடந்து போனவர் அவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு கன நேரம் கீழே பார்த்தார். "இது தண்ணி," என்றார்.

அடுத்த நாள் திரும்பினோம். இறக்கத்தில் பிள்ளைகள் மறுபடி எண்ணினார்கள். இந்தமுறை இருவருக்கும் பதினாறு.

இரவு பத்தரைக்கு ஊருக்குள் வான் நுழைந்ததும் அம்மா, "கோயிலடியில ஒருக்கா நிப்பாட்டு, தம்பி" என்றார்.

"பெரியம்மா, கோயில் பூட்டிக் கிடக்கே. திறக்க இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

"தெரியும். நீ நிப்பாட்டு."

இறங்கிப் போய், சாத்திய கதவுக்கு முன்னால் குனிந்து, கபுராளை கொடுத்த பூவையும் மீதி இருந்த ஒரு மாம்பழத்தையும் படியில் வைத்தார். மாம்பழம் இரண்டு நாள் வான் வெக்கையில் கறுத்துப் போயிருந்தது. "குரங்கு தின்னும் அம்மம்மா," என்றான் மருமகன் வானுக்குள் இருந்து.

"தின்னட்டும். அவட சாமான், அவட்ட குடுத்தாச்சு."

வீட்டு வாசலில் அப்பா டோர்ச் லைற்றோடு நின்றார். வாவி எப்படி என்று கேட்டார். அம்மா வானை விட்டு இறங்கவே இல்லை, பதில் தொடங்கிவிட்டது.